கேனோவில் ஆறு தேடி, மீன் தேடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேனோ எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கித் தூண்டில் போடுகிறவர் என்று தெரிந்ததும் பலரும் என்னிடம் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அப்படி விட்டுப்போவது பெரும்பாலும் உயிர் சம்பந்தப்பட்டதாக இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கேனோ, கயாக் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. கேனோ மேலே முழுக்கத் திறந்திருக்கும். பலகை இருக்கையில் உட்கார்ந்தோ, தரையில் மண்டியிட்டோ, ஒரு முனையில் மட்டும் அலகு (நீரைத் தள்ளும் தட்டைப் பகுதி) உள்ள துடுப்பால் வலிக்க வேண்டும். கயாக்கில் காலை நீட்டித் தாழ்வாக உட்கார்ந்து, இரண்டு முனையிலும் அலகு உள்ள துடுப்பை மாற்றி மாற்றிப் போடுவார்கள். காற்றைச் சமாளிக்க கயாக் மேல். சுமை ஏற்ற, கண்ணை உயரத்தில் வைத்துத் தண்ணீருக்குள் பார்க்க, சட்டென்று இறங்கி ஏற கேனோ மேல். ஆற்று மீன்பிடிப்புக்கு நான் கேனோவையே சொல்வேன்: ஒருவர் ஓட்ட, இன்னொருவர் தூண்டிலில் முழுக் கவனம் வைக்கலாம்.

நம் தோணியும் ஓடமும் இதன் உறவுக்காரர்கள்தாம். நெதர்லாந்தில் 1955-இல் நெடுஞ்சாலை போடத் தோண்டியபோது பைன் மரத்தைக் குடைந்து செய்த 3 மீட்டர் நீளப் படகு ஒன்று கிடைத்தது. பெஸ்ஸே கேனோ என்று பெயர். ஏறக்குறைய 10,000 ஆண்டுப் பழையது; இதுவரை கிடைத்த படகுகளில் மிகப் பழையதாக அதைத்தான் கருதுகிறார்கள்.

கரையில நின்னே பிடிக்கலாமே, படகு எதுக்கு?

கரையில் நிற்பவருக்கு ஒரு மடு. கேனோவில் போகிறவருக்கு ஒரே நாளில் இருபது மடு. புதர் மண்டிய கரை, எதிர்க்கரையில் வேர் தொங்கும் குடைவு, நடு ஆற்றுப் பாறையின் பின்புறம் எல்லாம் கைக்கு எட்டும். ஆள் ஏறிய பிறகும் கேனோ 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழமே தண்ணீரில் அமிழும். மோட்டார் படகு நுழையாத கிளைகளுக்குள் அது போய்விடும்.

இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியம். கரையிலிருந்து வீசினால் நீரோட்டம் தூண்டில் நரம்பை வளைத்து இழுத்து, இரையையும் இயல்புக்கு மாறாக இழுத்துக்கொண்டு போகும். நீங்களும் நீரோடு அதே வேகத்தில் மிதந்தால் அந்த இழுப்பு அநேகமாக இருக்காது. இரை தானாக அடித்து வருவது போலவே வரும்.

எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா?

ஓட்டமில்லாத, ஆழமற்ற நீரில், அனுபவமுள்ளவரோடு, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்து பழகலாம். ஓடும் ஆற்றுக்கு நீச்சல் கற்ற பிறகு வாருங்கள். இதில் நான் யாருக்கும் விலக்கு கொடுப்பதில்லை.

நீச்சல் தெரிந்தவரும் ஜாக்கெட் போட வேண்டும். படகில் மடித்து வைத்த ஜாக்கெட் எதற்கும் உதவாது. கவிழ்ந்த பிறகு ஓடும் நீரில் அதை மாட்ட முடியாது. துடுப்பு வலிப்பவர்களுக்கான வகை குறைந்தது 50 நியூட்டன் மிதப்புத் தரும், அதாவது ஏறக்குறைய 5 கிலோ எடையைத் தூக்கும் விசை. நீரில் மனித உடலின் எடை அதைவிடக் குறைவு என்பதால் அது போதும், ஆனால் பட்டைகளை இறுக்கியிருக்க வேண்டும். ஜாக்கெட்டின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு சரியில்லை.

தண்ணி ஜில்லுன்னு இருந்தா என்ன ஆகும்? குளிரும், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை. 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தானாக இழுத்து வாங்கும். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர். குளிர்நீர் மீட்புப் பயிற்சியில் 1-10-1 என்று சொல்லிக்கொடுப்பார்கள்: மூச்சு கட்டுக்குள் வர 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்கும் 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். முதல் நிமிடத்தில் நீந்த முயலாமல் மிதக்கவே முயலுங்கள். வெயில் எவ்வளவு அடித்தாலும் நீரின் வெப்பத்துக்கு ஏற்ற உடை போடுங்கள்.

முதல் படகு எது வாங்கறது?

நீளம் 14 முதல் 16 அடி, அகலம் 34 முதல் 37 அங்குலம். இருவருக்கும் சாமான்களுக்கும் அது போதும். அடிப்பாகத்தைப் பாருங்கள். தட்டையான அடி ஏறியவுடன் ஆடாமல் நிற்கும். ஆனால் அலையில் சாய்ந்தால் ஒரு கட்டத்துக்குமேல் திடீரென்று கவிழும். மெல்ல வளைந்த அடி முதலில் ஆட்டம் காட்டும், சாயச் சாயப் பிடித்துக்கொள்ளும். மீன் பிடிக்க மிதமான தட்டை நல்லது. முன்னும் பின்னும் அடிப்பாகம் கொஞ்சம் மேலேறி வாழைப்பழம் போல வளைந்திருந்தால் பாறைகளுக்கிடையே சீக்கிரம் திரும்பும். நேராக இருந்தால் நேராக ஓடும். ஆற்றுக்குச் சிறிதளவு வளைவு தேவை.

பொருளைப் பொறுத்தவரை, பாலிஎத்திலீன் கனமானது, முரட்டு அடி தாங்கும். முதல் படகுக்கு அதுவே போதும். கண்ணாடியிழையும் கெவ்லாரும் லேசானவை, தோளில் சுமக்க அருமை, பாறையில் உரசினால் மனம் பதறும். அலுமினியம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விமானத் தயாரிப்பு நிறுவனமான கிரம்மன் மூலம் பரவியது. ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் சத்தம் போடும், பாறையில் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும். ஆற்றுக்காரர்கள் மிகவும் நேசித்த ராயலெக்ஸ் என்ற பொருளின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. பழைய ராயலெக்ஸ் படகு நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

துடுப்பு எவ்வளவு நீளம் இருக்கணும்?

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். இருக்கையிலிருந்து மூக்குவரை உள்ள அளவுதான் துடுப்பின் தண்டு நீளம். அலகு அதற்கு மேல் தனி. எப்போதும் உபரியாக ஒரு துடுப்பு எடுத்துப் போங்கள், படகில் கட்டி வையுங்கள்.

வலது பக்கம் வலிச்சா படகு இடது பக்கமே திரும்புது. என்ன தப்பு பண்றேன்?

தப்பு எதுவும் இல்லை, கேனோவின் இயல்பு அது. பின்னால் உட்கார்ந்து வலிப்பவரின் ஒவ்வொரு வீச்சும் படகை எதிர்ப்பக்கம் திருப்பும். அதைத் திருத்த 'ஜே' வீச்சு என்று ஒன்று உண்டு. துடுப்பை நேராகப் பின்னால் இழுத்து, இடுப்பைத் தாண்டியதும் மேல்கையின் கட்டைவிரல் கீழே பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்பி, அலகால் நீரைப் படகிலிருந்து லேசாக வெளியே தள்ள வேண்டும். நீரில் 'ஜே' எழுத்தின் வால் விழும். இரண்டு மூன்று மாலைகள் குளத்தில் பழகினால் கை தானாகச் செய்யும்.

இதை வெறும் ஓட்டுத் திறமையாக நினைக்காதீர்கள். பக்கம் மாற்றி மாற்றி வலிப்பவர் துடுப்பைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் சொட்டும் சத்தமும், படகில் தட்டும் சத்தமும் வரும். ஒரே பக்கம் அமைதியாக ஓட்டத் தெரிந்தவருக்கு மீன் கூடுதலாகக் கிடைக்கிறது என்பது என் அனுபவம்.

ரெண்டு பேர்ல யார் மீன் பிடிக்கிறது, யார் ஓட்டறது?

முன்னால் இருப்பவர் பிடிக்கட்டும், பின்னால் இருப்பவர் ஓட்டட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கரையேறி இடம் மாறுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் வீசினால் படகை ஆறு ஓட்டும். அது போகும் இடம் பெரும்பாலும் மரக்கிளைக்குள்தான்.

பின்முனை முன்முனையைவிடச் சிறிதே கனமாக இருக்கட்டும். எதிர்க்காற்று பலமாக அடித்தால் சாமானை முன்னுக்கு நகர்த்துங்கள்; இல்லாவிட்டால் லேசான முன்முனையைக் காற்று திருப்பிவிடும். தனியாகப் போகிறவர், இரு முனையும் ஒரே வடிவம் உள்ள படகாக இருந்தால், முன் இருக்கையில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து படகை எதிர்த்திசையில் ஓட்டலாம். எடை நடுவுக்குக் கிட்டே வந்துவிடும்.

ஆத்தைப் பார்த்தா எனக்கு எல்லாம் தண்ணியாத்தான் தெரியுது. நீரைப் படிக்கணும்னு சொல்றீங்களே, எப்படி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். படகை எங்கே விடுவது, மீன் எங்கே நிற்கிறது என்ற இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில், அதாவது நீரின் மேற்பரப்பில் இருக்கிறது. பாறைகளுக்கிடையே பாயும் நீர் 'வி' எழுத்துப் போலக் கோடு போடும். அந்த 'வி'யின் கூர் கீழ்நோக்கி, நீர் போகும் திசையில் இருந்தால் அது ஆழமான வழி. கூர் மேல்நோக்கி, உங்களைப் பார்த்து இருந்தால் கூரின் உச்சியில் ஒரு பாறை இருக்கிறது, சில சமயம் கண்ணுக்குத் தெரியாத பாறை. வழவழவென்று ஒரு மேடு தெரிந்து அதற்குக் கீழே நுரை இருந்தால், மேட்டுக்கடியில் பாறை.

பாறையை மோதிய நீர் இரு பக்கமும் பிரிந்து போகும். அதன் பின்னால் நீர் தயங்கி, மேல்நோக்கித் திரும்பி ஓடும். இதை எதிரோட்டம் என்று வைத்துக்கொள்வோம். கேனோக்காரருக்கு அது திண்ணை. உள்ளே நுழைந்தால் துடுப்பை மடியில் வைத்து மூச்சு வாங்கலாம், கீழே வரப்போவதைப் பார்க்கலாம். வேகநீரும் இந்த மந்தநீரும் உரசுகிற கோடு தெளிவாகத் தெரியும். நுரைத் துணுக்குகள் அந்தக் கோட்டில் வரிசையாகப் போகும். கோட்டைத் தாண்டும்போது எந்தப் பக்கம் திரும்புகிறீர்களோ அந்தப் பக்கம் படகைச் சாய்க்க வேண்டும், மிதிவண்டி வளைவில் சாய்வது போல. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கவிழும்.

ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவில் நீர் வேகமாக அரித்து ஆழமாக்கும். உள்வளைவில் மணலும் சரளையும் சேரும். சரளைப் படுகை ஆறுகளில் சலசலப்பும் (ஆழமில்லாமல் சலசலத்து ஓடும் பகுதி) ஆழமான மடுவும் மாறி மாறி வரும். ஆற்றின் அகலத்தைப் போல 5 முதல் 7 மடங்கு தூரத்துக்கு ஒரு மடு என்பது பொதுக்கணக்கு. 20 மீட்டர் அகல ஆறென்றால் 100 முதல் 140 மீட்டருக்கு ஒன்று. இந்தத் தாளம் பிடிபட்டால் அடுத்த வளைவில் என்ன வரும் என்று பார்க்கும் முன்பே ஊகிக்கலாம்.

சரி, மீன் எங்க இருக்கும்?

மேலே சொன்ன திண்ணையில். ஓடும் நீரில் நிற்பதற்கே மீனுக்குச் சக்தி செலவாகிறது. அதனால் மந்தநீரில் உடம்பை வைத்துக்கொண்டு, பக்கத்து வேகநீர் கொண்டுவரும் இரையை எட்டிப் பிடிக்கும். வேகமும் மந்தமும் உரசும் அந்தக் கோடுதான் முதல் இடம். இரண்டாவது, பாறையின் பின்புறம் மட்டுமல்ல, முன்புறமும்: மோதும் நீர் அங்கே ஒரு சிறிய மெத்தை போல நிற்கும், பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். மூன்றாவது, வெளிவளைவின் குடைந்த கரை. நான்காவது, சலசலப்பு மடுவுக்குள் விழும் வாய். ஐந்தாவது, துணையாறு வந்து சேரும் முனை.

மீன் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும். ஆகவே மேலிருந்து கீழே வரும் படகை அது முதலில் பார்க்கும். நல்ல மடுவின் நடுவில் மிதந்து போகாதீர்கள். ஓரமாகத் தாண்டி, கீழே உள்ள எதிரோட்டத்தில் படகை நிறுத்தி, மேல்நோக்கி வீசுங்கள். இதற்குப் பொறுமை வேண்டும். ஆறு உங்களைக் கீழே கீழே என்று அழைத்துக்கொண்டே இருக்கும்.

காலை வெளிச்சம் குறைவான வேளையில் மீன் மேலோட்டமான சலசலப்புக்கு வந்து மேயும். வெயில் ஏறினால் ஆழத்துக்கும் நிழலுக்கும் போகும். வெயில் ஏறிய பிறகும் காலையில் பிடித்த இடத்திலேயே வீசிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

மீன் நம்மளைப் பார்க்குமா? பேசலாமா?

பேசலாம். காற்றில் போகும் குரலில் மிகக் குறைந்த பங்கே நீருக்குள் நுழைகிறது. ஆனால் படகின் தரையில் துடுப்பு விழுந்தால், பெட்டி இழுபட்டால், அந்த அதிர்வு நேராக நீருக்குள் போகும். நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,480 மீட்டர் வேகத்தில் பாயும், காற்றில் போவதைவிட 4 மடங்குக்கு மேல். தரையில் ஒரு நுரை விரிப்பைப் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பார்வையைப் பொறுத்தவரை, நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் 97 டிகிரிக் கூம்புக்குள் அடங்கிய ஒரு வட்டச் சன்னல் வழியாகத்தான் தெரியும். 1 மீட்டர் ஆழத்தில் உள்ள மீனுக்கு அந்தச் சன்னல் 2.3 மீட்டர் அகலம். நீர்மட்டத்துக்கு ஒட்டித் தாழ்வாக உள்ளவை அதன் விளிம்பில் நசுங்கித் தெரியும். 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் நீங்கள் அநேகமாகத் தெரியமாட்டீர்கள். நின்றால் தெரிவீர்கள்.

அப்ப எழுந்து நின்னு வீசவே கூடாதா?

அகலமான தட்டையடிப் படகில், ஓட்டமற்ற மடுவில், இருவரில் ஒருவர் மட்டும் நிற்கலாம். கால்களை அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, பார்வையைத் தொலைவில் வையுங்கள். நீருக்குள் பார்க்க உண்மையிலேயே உதவும். ஆனால் மேலே சொன்ன காரணத்தால் கிட்டே உள்ள மீன் கலையும். ஓடும் நீரில் நிற்க வேண்டாம். மறைந்த பாறையில் படகு ஒருமுறை தட்டினால் போதும்.

என்ன தூண்டில், என்ன இரை எடுத்துட்டு வரணும்?

ஏறக்குறைய 2 மீட்டர் நீளக் கோல், நடுத்தர வலு, சாதாரண சுழல் ரீல், 3 முதல் 5 கிலோ தாங்கும் நரம்பு. நீளக் கோல் படகில் கிளையில் மாட்டும். ஆளுக்கு இரண்டு கோலுக்கு மேல் வேண்டாம். போலி இரையில் சுழலும் தகடு ஒன்று, நடு ஆழத்தில் நீந்தும் மீன் வடிவம் ஒன்று, ஈயத் தலையோடு ரப்பர் இரை ஒன்று இருந்தால் ஆற்றின் மூன்று மட்டமும் கைவசம்.

போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம். மேற்பரப்புப் பளபளப்பை வெட்டி அடியைக் காட்டும் என்பதோடு, கூட இருப்பவர் வீசும் முள்ளிலிருந்து கண்ணைக் காக்கும். நீருக்குள் தெரியும் பொருள் உண்மையில் தோன்றுவதைவிட ஆழத்தில் இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நடு ஆத்துல நங்கூரம் போட்டுட்டு உட்கார்ந்தா வசதியா இருக்குமே?

குளத்தில் வசதி. ஆற்றில் பலரைக் கொன்ற வசதி. நங்கூரக் கயிறு படகின் பக்கவாட்டில் கட்டியிருந்தால், நீரோட்டம் படகைக் குறுக்கே திருப்பி, நீர் வரும் பக்கத்து விளிம்பை அமுக்கி, சில நொடிகளில் நிரப்பிவிடும். மெல்லிய ஓட்டத்தில் போடத்தான் வேண்டுமென்றால் முனையிலிருந்து மட்டும், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சோடு, கயிற்றை அறுக்கக் கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கப் போடுங்கள். ஓட்டம் பலமாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

அதைவிட நல்லது எதிரோட்டத்தில் நிற்பது, அல்லது முன்முனையைச் சரளை மேட்டில் ஏற்றி இறங்கி நின்று வீசுவது. படகைப் போய்ச் சேர்வதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, காலில் நின்று பிடிப்பதுதான் பெரும்பாலும் நிறைய மீன் தருகிறது.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் போகலாம்?

வெறுமே ஓட்டினால் மிதமான ஆற்றில் 20 முதல் 25. மீன் பிடித்துக்கொண்டு போனால் 8 முதல் 12. எல்லாரும் முதல் தடவை அதிகமாகத் திட்டமிட்டு, கடைசி 5 கிலோமீட்டரை இருட்டில் முடிக்கிறார்கள்.

முன்னப்பின்ன போகாத ஆறு. எப்படித் திட்டம் போடறது?

முதலில் வரைபடத்தில் சரிவைக் கணக்கிடுங்கள். கிலோமீட்டருக்கு 1 மீட்டருக்குள் இறங்கினால் பெரும்பாலும் அமைதியான நீர். 2, 3 மீட்டர் என்றால் சலசலப்புகள் நிறைய. 5-ஐத் தாண்டினால் பாய்ச்சல்கள் (நீர் நுரைத்து வேகமாக இறங்கும் இடங்கள்) இருக்கும் என்றே நினைத்துப் போங்கள். சராசரி ஏமாற்றும்: பத்து கிலோமீட்டர் சமதளமாக ஓடி ஒரே இடத்தில் மொத்தமாக விழும் ஆறுகள் உண்டு. செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைத் திட்டு என்றால் பாய்ச்சல். கரைக்குக் கரை நேர்கோடு என்றால் தடுப்பணை. அதோடு ஏறும் இடம், இறங்கும் இடம், நடுவில் வெளியேற வழியுள்ள இடங்கள், அங்கே நிலம் யாருடையது, மீன்பிடி உரிமம் தேவையா என்பதையும் முன்பே விசாரியுங்கள். கரையில் வாழ்பவர்கள் சொல்லும் ஒரு வார்த்தை வரைபடம் முழுவதையும் திருத்தும்.

பாய்ச்சல்களை உலக அளவில் 1 (மிக எளிது) முதல் 6 (மிகக் கடினம்) வரை தரம் பிரிப்பார்கள். சாமான் ஏற்றிய திறந்த கேனோவில், தூண்டிலோடு போகிறவருக்கு 1, கொஞ்சம் பழகிய பிறகு 2. வளைவுக்குப் பின்னால் இரைச்சல் கேட்டு, தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கரை ஒதுங்கி நடந்து போய்ப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் படகைத் தூக்கிச் சுமந்து தாண்டுங்கள். எத்தனையோ தடவை சுமந்திருக்கிறேன், ஒருமுறைகூட வருந்தியதில்லை. யாராவது ஒருவரிடம், எங்கே இறங்குகிறேன், எப்போது கரையேறுவேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

சின்னத் தடுப்பணைதான், ரெண்டடி உயரம். சறுக்கிட்டுப் போயிடலாமே?

கூடாது. மேலிருந்து வரும்போது அது ஒரு நேர்கோடாக, ஆபத்தில்லாததாகத் தெரியும். கீழே விழும் நீர் அடிக்குப் போய், மேற்பரப்பு வழியாக மறுபடி அணையை நோக்கித் திரும்பிச் சுழலும். அந்தச் சுழற்சி கரைக்குக் கரை இடைவெளியில்லாமல் இருப்பதால் வெளியேற வழி கிடையாது. மரக்கட்டைகள் மணிக்கணக்கில் அதிலேயே உருண்டுகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஜாக்கெட் போட்டவரையும் அது விடாது, காற்றுக் குமிழி நிறைந்த நீரில் மிதப்பு குறையும். கீழேயிருந்தும் கிட்டே போகாதீர்கள், அணையை நோக்கி இழுக்கும். நீர் இழுக்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே கரையேறிச் சுமந்து தாண்டுங்கள்.

விழுந்த மரத்துக்கிட்டதான் பெரிய மீன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க கிட்டப் போகாதேங்கறீங்க. எது சரி?

இரண்டும் சரி. மரம் நிழல் தருகிறது, ஓட்டத்தை உடைக்கிறது, அதனால் மீன் நிற்கிறது. ஆனால் கிளைகளுக்கிடையே நீர் புகுந்து போகும், படகும் ஆளும் போக முடியாது, சல்லடையில் மாட்டிய சக்கை போல. நீர் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆற்றில் எனக்கு உண்மையாகப் பயம் தரும் இரண்டு விஷயங்களில் ஒன்று தடுப்பணை, மற்றது இது.

ஆகவே மேல்பக்கத்திலிருந்து மரத்தை நோக்கி மிதந்து போய் வீசாதீர்கள். எதிர்க்கரை வழியாக அகன்று தாண்டி, மரத்துக்குக் கீழே போய், அதன் பின்னால் உள்ள மந்தநீரிலிருந்து மேல்நோக்கி வீசுங்கள். தவறிப்போனாலும் ஆறு உங்களை மரத்தை விட்டு விலக்கித்தான் கொண்டுபோகும். மரம் போல நீர் ஊடுருவிப் போகும் தடை எதுவானாலும் எப்போதும் தடைக்குக் கீழே நில்லுங்கள்; தடுப்பணைக்கு மட்டும் இது பொருந்தாது.

கவிழ்ந்துட்டா என்ன பண்ணணும்?

படகுக்குக் கீழ்ப்பக்கம், அதாவது நீர் போகும் பக்கம், ஒருபோதும் இருக்காதீர்கள். நீர் நிரம்பிய 16 அடிக் கேனோ அரை டன்னுக்கு மேல் கனக்கும். அதற்கும் பாறைக்கும் நடுவில் மாட்டினால் நசுக்கும். மேல்பக்க முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். மல்லாந்து, காலைக் கீழ்நோக்கி நீட்டி, பாதம் நீர்மட்டத்தில் தெரிய மிதந்து, கைகளால் கரைக்கு ஒதுங்குங்கள். முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாதம் கற்களுக்கிடையே சிக்கினால் நீர் உடம்பைக் குனியவைத்து அமுக்கிவிடும். மரத்தை நோக்கிப் போகிறீர்கள், விலக வழியில்லை என்றால் மட்டும், குப்புறத் திரும்பித் தலை முன்னே போக வேகமாக நீந்தி, கிளைமேல் ஏறிவிட வேண்டும்.

படகு பாறையில் பக்கவாட்டில் மோதப்போகிறது என்றால் பாறையை நோக்கிச் சாயுங்கள், அதைக் கட்டிப்பிடிப்பது போல. பயத்தில் எல்லாரும் விலகிச் சாய்வார்கள். நீர் வரும் பக்கத்து விளிம்பு தாழும், ஆறு உள்ளே வரும்.

பாய்ச்சலுக்குள் நுழையும் முன் தூண்டிலை மடக்கி, முள்ளைக் கழற்றி, கோலைத் தரையோடு கட்டுங்கள். ஒருமுறை நான் கட்டாமல் போய்க் கவிழ்ந்தபோது நரம்பு காலைச் சுற்றிக்கொண்டது. ஜாக்கெட்டில் கத்தி இருந்ததால் அறுத்து வெளியே வந்தேன். அன்றிலிருந்து இரண்டையும் மறந்ததில்லை. மிதக்கும் எறிகயிறு 15 முதல் 20 மீட்டர், விசில், நீர்புகாப் பையில் மாற்றுடை, இவையும் எப்போதும் வேண்டும். விசில் மூன்று முறை ஊதினால் உதவி தேவை என்று பொருள்.

அப்ப தனியா போகவே கூடாதா?

மேலே உள்ள பதிலைத் தனி ஆளாக நினைத்துப் படித்துப் பாருங்கள்: கயிறு எறிய யாரும் இல்லை. பழக்கமான, தரம் 1-க்கு மேற்படாத, குளிரில்லாத ஆற்றில் அனுபவம் உள்ளவர் போகலாம். புது ஆற்றுக்கு இரண்டு படகாவது வேண்டும்.

மழை பெஞ்சு தண்ணி ஏறியிருக்கு. இப்ப மீன் நல்லா கடிக்கும்கறாங்களே?

ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. கரையோரம் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். நீர் குச்சியில் ஏறிக்கொண்டே இருந்தால், இலையும் சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தால், இறங்காதீர்கள். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். நேற்று நிற்க முடிந்த இடத்தில் இன்று நிற்க முடியாது. கரையோர மரங்களுக்குள் நீர் புகுந்திருக்கும், ஒவ்வொரு மரமும் மேலே சொன்ன சல்லடை.

இறங்கத் தொடங்கி, கலங்கல் தெளிந்து, ஒன்றரை அடி ஆழம் கண்ணுக்குத் தெரியும் நாள்தான் நல்ல நாள். பசித்த மீன் கரையோரமாக நிற்கும். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிந்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். மேலே மலையில் பெய்தாலும், மேல் அணையில் மதகு திறந்தாலும் அந்த நீர் உங்களிடம்தான் வரும். கரையில் தங்கினால், பழைய வெள்ளம் விட்டுப்போன சருகுக் கோட்டுக்கு மேலே கூடாரம் போடுங்கள்.

பெரிய மீன் மாட்டிக்கிட்டா படகு கவிழுமா?

மீன் கவிழ்க்காது. அதைப் பார்க்க இருவரும் ஒரே பக்கம் எட்டிக் குனிவதுதான் கவிழ்க்கும். கோல் பிடித்தவர் உட்கார்ந்தே இருக்கட்டும். ஓட்டுபவர் மீனை மறந்து, படகை அருகிலுள்ள எதிரோட்டத்துக்கோ மேட்டுக்கோ கொண்டுபோகட்டும். கரையில் இறங்கி நின்று கொண்டுவருவதே படகுக்கும் மீனுக்கும் நல்லது.

முள் விரல்ல ஏறிடுச்சுன்னா?

முதலில், முள்ளின் எதிர்க்கூரை (முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரை) இடுக்கியால் நசுக்கிவிட்டே வாருங்கள். அப்போது ஏறினாலும் வந்த வழியே வந்துவிடும், மீனையும் சீக்கிரம் விடுவிக்கலாம். எதிர்க்கூர் உள்ள முள்ளாக இருந்தால், முள்ளின் வளைவில் ஒரு தூண்டில் நரம்பைச் சுற்றி, முள்ளின் தண்டைத் தோலோடு கீழே அமுக்கிக்கொண்டு, நரம்பைத் தோலுக்கு இணையாகப் பின்னோக்கிச் சட்டென்று ஒரே இழுப்பாக இழுத்தால் வெளியே வரும். கண்ணருகில், மூட்டில், ஆழமாக ஏறியிருந்தால் தொடாதீர்கள். ஆடாமல் கட்டி மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி நிலுவையில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

பிடிச்சதை விட்டா பிழைக்குமா?

நடத்துகிற விதத்தில் இருக்கிறது. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை அதன் வழுவழுப்பு மேற்பூச்சை உரிக்கும், நோய் தொற்றும். முடிந்தால் நீருக்குள்ளேயே முள்ளை எடுங்கள். வெளியே எடுத்தால் 10 நொடிக்குள் திரும்ப விடுங்கள். செவுளில் விரல் விடாமல், வயிற்றைத் தாங்கி, தலை ஓட்டத்தைப் பார்க்கப் பிடித்திருந்தால் தானாக உதைத்துக்கொண்டு போகும். டிரௌட் போன்ற குளிர்நீர் மீன்களுக்கு நீர் 20 டிகிரியைத் தாண்டினால் விட்ட பிறகும் இறப்பது கூடும். அன்று வேறு மீனைத் தேடுங்கள், அல்லது சும்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

இந்த வாரம் ஒரு ஆறு, அடுத்த வாரம் வேற ஆறு. படகைக் கழுவணுமா என்ன?

கட்டாயம். கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதியைச் சேர்ந்த வரிச்சிப்பி 1988-இல் வட அமெரிக்கப் பேரேரிப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. கப்பல்கள் சமநிலைக்காக உள்ளே நிரப்பிக்கொள்ளும் நீரில் வந்ததாகக் கருதுகிறார்கள். அதன் பிறகு பல ஆறுகளுக்குப் பரவியதில் சிறு படகுகளுக்கும் பங்குண்டு. அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு, படகில் மிஞ்சிய ஒரு குவளை நீரில் பயணம் செய்யும்.

கரையேறியதும் பாசி, சேறு, செடித்துணுக்கை எடுத்துப் போடுங்கள், அந்த இடத்திலேயே தண்ணீரைக் கவிழ்த்து வடியுங்கள். மீந்த உயிர் இரையை ஆற்றில் விடாதீர்கள். பிறகு படகையும் செருப்பையும் வலையையும் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவிடுங்கள். ஐந்து நாள் காய்ந்தால் நல்லது. கயிற்றுச் சுருளும் ஜாக்கெட்டின் உட்புறமும் கடைசியாகத்தான் காயும், அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த ஆற்றுக்குக் கிளம்புங்கள்.